உலர்த்தும் அறையின் இரண்டாவது கதவு

பிப்ரவரி 9
(ஊர் எழுத அனுமதியில்லை)

அன்சி,

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இரண்டிலும் அழுகை அதிகம். இதில் இல்லை, பயப்படாதே.

கைபேசியை ஏன் எடுப்பதில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். இந்தப் பாதுகாப்பு இல்லத்துக்கு வந்த அன்றே அதை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். போன தடவை நான் ஓடிப்போனபோது என் அருமைப் புருஷன் கிம்மோ அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தான். என் மின்னஞ்சல் கடவுச்சொல்லும் அவனுக்கு மனப்பாடம். ஆகவே தாள், உறை, தபால்தலை. அந்தக் காலத்துக் காதலர்கள் மாதிரி ஆகிவிட்டோம், காதல் மட்டும் இல்லாமல்.

உன் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று போலீஸ்காரி சொன்னாள். எந்த இரண்டு என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தாள். அந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். நீ ஏன் இடப்பக்கம் திரும்பினாய்?

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமையை நான் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். நான் கூப்பிட்டதும் வடகோடிக் கெமியிலிருந்து நாள் முழுக்க வண்டி ஓட்டி, கோட்காவில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். பல வருடமாக ஹெட்போனில் மட்டும் கேட்ட குரலுக்கு முதல் தடவையாக ஒரு முகம். அதைச் சரியாகப் பார்க்கக்கூட நேரமில்லை. முந்தின நாள் கிம்மோ என் தலையைப் பிடித்து ஃப்ரீசர் பெட்டியின் விளிம்பில் மோதிய இடத்தில் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினோம். பயிற்சிக்குப் போயிருந்தவன் சீக்கிரமே திரும்பி முன்வாசலில் ஹாக்கி மட்டையோடு நின்றான். நிலவறைக்கு ஓடினோம், நான் முன்னால், நீ பின்னால். சைக்கிள் அறைக்குள் புகுந்தால் முற்றத்துக்குப் போய்விடலாம். “நேரா வா, நேரா” என்று கத்தினேன். முற்றத்தில் பனியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தால் நீ இல்லை. துணி உலர்த்தும் அறைக்குள் போயிருக்கிறாய். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே கதவு உள்ள அறைக்குள். எவனாவது போவானா?

வழக்கு மே மாதம். அதுவரை கிம்மோ வெளியில்தான் இருப்பான், என் வீட்டில், என் தலையணையில் தலை வைத்துக்கொண்டு. என்னை நெருங்கக் கூடாது என்று அவனிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். நீ வந்து சாட்சி சொன்னால் உள்ளே போவான். வராவிட்டால், நான் இந்த நாட்டில் எந்த ஊரில் ஒளிந்தாலும் அவன் ஒருநாள் வந்து நிற்பான். கதவைத் தட்டும் பழக்கம் அவனுக்குக் கிடையாது.

பதில் எழுது, உறையில் இருக்கும் தபால்பெட்டி எண்ணுக்கு.

சில்யா


பிப்ரவரி 20
கெமி

சில்யா,

சுட்டுவிரலும் நடுவிரலும். மௌஸ் பிடிக்கும் இரண்டும். திருப்திதானே?

இடது கையால் தட்டுகிறேன். சுருக்கமாகத்தான் திட்ட முடியும்.

ஏன் இடப்பக்கம் திரும்பினேன் என்று நீ கேட்கிறாய். நீயா? ‘சாம்பல் நகரம்’ என்று ஒரு கணினி விளையாட்டு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு அணி, துப்பாக்கி, யார் கடைசிவரை நிற்கிறார்களோ அவர்களுக்கு ரவுண்டு. விளையாட்டோடு வந்த சண்டைக்கள மேப்கள் புளித்துப்போன பிறகு நாமே கட்டிப் போட ஆரம்பித்தோம். ஆளாளுக்குத் தெரிந்த இடத்தைக் கட்டினார்கள். ஒருத்தன் பள்ளிக்கூடம், இன்னொருத்தன் மாமனாரின் மரக்கடை. நீ உன் கட்டடத்து நிலவறையைக் கட்டி ‘கெல்லரி’ என்று பேர் வைத்தாய். சானா என்னும் நீராவிக் குளியலறை வாசலில் தொங்கும் முறை அட்டவணை, வீட்டுக்கு வீடு பொருள் போட்டு வைக்கும் கூண்டுகளின் கம்பிவலை, குண்டுவீச்சுக்குப் பதுங்கும் அறையின் இரும்புக் கதவு, சுவரில் பச்சைப் பெயிண்ட் உரிந்த இடம், எல்லாம் அப்படியே. நான் உன் கட்டடத்துக்கு வந்தது ஒரே ஒரு தடவை. அந்த நிலவறையில் செத்ததும் சாகடித்ததும் கணக்கில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன்.

அதில் உலர்த்தும் அறையின் பின்சுவரில், சைக்கிள் அறைக்குத் திறக்கிற மாதிரி, ஒரு கதவு வைத்தாய். கால் பழகிய பழக்கத்தில் நான் அந்தக் கதவுக்கு ஓடினேன். அவ்வளவுதான்.

கொடியில் தொங்கிய யாருடைய விரிப்போ முகத்தில் ஈரமாக ஒட்டியது. தள்ளிக்கொண்டு போய்க் கையை நீட்டினேன். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் சுவர். இருட்டில் தவறவிட்டேன் என்று நினைத்து இரண்டு கையாலும் தடவினேன். கிம்மோ பின்னால் வந்து நின்றான். அவனுக்கு அவசரமே இல்லை. “தேடு, தேடு” என்றான். “நல்லா தேடு.” முதல் அடி, சுவரில் பரப்பியிருந்த கை மேலேயே விழுந்தது. விரல்கள் சுவரோடு நசுங்கின. இரண்டாவது அடிக்கு மணிக்கட்டு. அடுத்த அடியில் மட்டை உடைந்தது, உடைந்த முனையால் குத்த ஆரம்பித்தான். தோளில், காதுக்குப் பின்னால், முதுகில். கீழே விழுந்த துண்டு என் இடது கையில் அகப்பட்டது. திரும்பி அவன் கன்னத்தில் செருகினேன். பல்லில் இடித்து நின்றது. அப்புறம் அவன் என் தலையைப் பிடித்துத் தரையில் மோத ஆரம்பித்தான், போலீஸ் வரும்வரை.

நீ திரும்பி வரவில்லை. விளையாட்டில்கூட நாம் யாரையும் பின்னால் விட்டுவிட்டு ஓடியதில்லை. அது நீ போட்ட சட்டம், அதை மீறியதற்காக ஒருத்தனை அணியை விட்டே தூக்கினாய்.

நீதிமன்றத்துக்கு நான் வரவில்லை. அவன் முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. இதைச் சொல்ல வெட்கமும் இல்லை. அம்மா எனக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவித் தருகிறாள். வெட்கமெல்லாம் அதோடு போயிற்று.

அன்சி


மார்ச் 1

அன்சி,

மேப் என்ன தீயணைப்புப் படைக்கு வரைந்து கொடுத்த படமா? ஒரு அறைக்கு ஒரே வழி வைத்தால் ஒரு சோம்பேறி மூலையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவனையெல்லாம் சுட்டுத் தள்ளுவான், அப்புறம் யாரும் அந்த மேப்பைத் தொடமாட்டார்கள். எந்த அறைக்கும் இரண்டு வழி. மேப் கட்ட உட்காருகிற எவனுக்கும் முதல்நாள் சொல்லிக்கொடுப்பது இதுதான். நீயே நம் இணைய மன்றத்தில் எத்தனை பேரோடு இதற்காக மல்லுக்கு நின்றிருக்கிறாய். என் நிலவறையில் பொய்யாக இருந்தது அந்த ஒரு கதவுதான். அதை வைத்ததற்காக நான் தலைகுனியப் போவதில்லை.

திரும்பி வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். வந்தேன். முற்றத்துக் கதவு வெளியிலிருந்து சாவியில்லாமல் திறக்காது, அன்சி. சாவி மேலே, அவசரத்தில் விட்டுவந்த கோட்டுப் பையில். இரண்டு முஷ்டியாலும் அந்தத் தகரத்தில் அடித்தேன். தோல் கிழிந்து அடித்தேன். அப்புறம்தான் காலுறையோடு கடைவரைக்கும் ஓடி போலீஸைக் கூப்பிடச் சொன்னேன். நம்பினால் நம்பு.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிப்பாய். இங்கே பொது அறையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. ‘சாம்பல் நகரம்’ எந்தத் தகரடப்பாவிலும் ஓடும். ஆர்ஹூஸில் இருக்கிற நம் பழைய அணித்தோழன் யெப்பே சர்வரைத் தூசி தட்டி மறுபடி ஓட விட்டிருக்கிறான். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேருகிறார்கள். குழந்தைகள் பெற்று, மொட்டையாகி, முதுகுவலியோடு. மூன்று வருடம் முன்பு கிம்மோ என் கணினியைக் கோடாலியால் பிளந்தபோது என் மேப்களும் அதோடு போய்விட்டன என்று நினைத்திருந்தேன். யெப்பே எல்லாவற்றையும் வைத்திருக்கிறான். புதுப் பெயரில் நுழைந்தேன். முதல் மேப்பே கெல்லரி.

எத்தனை பேரைக் கொன்றேன் என்று கேட்காதே. என் சொந்த நிலவறையில், சைக்கிள்களுக்கு நடுவில், கூண்டுகளுக்குப் பின்னால். ஒருத்தனைச் சானா வாசலில் வைத்துக் கத்தியால் முடித்தேன், துப்பாக்கியில் குண்டு இருந்தும். பக்கத்தில் இரண்டு குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். நன்றாக இருந்தது. உண்மையாகவே நன்றாக இருந்தது.

அப்புறம் ஒரு ரவுண்டில் உலர்த்தும் அறைக்குள் போனேன். அந்தக் கதவு முன்னால் வந்து நின்றது. உன் கை ஞாபகம் வந்தது. எவனோ பின்னாலிருந்து என்னைச் சுட்டான். அதற்கு மேல் விளையாட முடியவில்லை. மேப்பை இறக்கி, திருத்தும் கருவியில் திறந்து, அந்தக் கதவை எடுத்துவிட்டுச் சுவர் வைத்துப் பூசினேன். பழையதன் பெயரிலேயே சேமித்து யெப்பேயிடம் ஏற்றச் சொல்லிவிட்டேன். இனி அந்தக் கதவு எந்த உலகத்திலும் இல்லை. உனக்காக நான் செய்ய முடிந்தது அதுதான். போய்ப் பார்.

நீதிமன்றத்துக்கு வா. கிம்மோ பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னதாகப் போலீஸ்காரி சொன்னாள், மே முடிந்ததும் என்னைத் தேடி வந்து எல்லாவற்றையும் பேசித் தீர்த்துக்கொள்வானாம்.

சில்யா


மார்ச் 2
கெமி

சில்யா,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. இதைப் படித்ததும் எதையும் எடுத்து எறியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்.

நேற்று விசாரணை அதிகாரி கூப்பிட்டார். கிம்மோவின் வாக்குமூலத்தை அவன் வக்கீல் கொடுத்திருக்கிறாள். நான் உன் காதலனாம். சைக்கிள் அறையிலிருந்து மட்டையை எடுத்துக்கொண்டு உலர்த்தும் அறையில் துணிக்குப் பின்னால் பதுங்கியிருந்தேனாம். துணி எடுக்க வந்த பாவப்பட்ட புருஷன்மேல் பாய்ந்து கன்னத்தைக் கிழித்தேனாம். அவன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மட்டையைப் பிடுங்கி அடித்தானாம். அந்த அறையில் அவனையும் என்னையும் தவிர யாரும் இல்லை. அவன் கன்னத்தில் ஓட்டை இருக்கிறது, அதைப் போட்டது நான்தான்.

அதிகாரி கெட்டவர் இல்லை. தன்மையாகத்தான் கேட்டார். “உயிருக்குப் பயந்து ஓடுறவன் வெளிய போற கதவு எதிர்ல இருக்கும்போது எதுக்கு வழியே இல்லாத ரூமுக்குள்ள போகணும்?” அங்கே ஒரு கதவு இருப்பதாக நினைத்தேன் என்றேன். ஏன் நினைத்தீர்கள் என்றார். விளையாட்டைச் சொன்னேன். அப்புறம், விளையாட்டின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.

கோபத்தில் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. வருகிறேன். விரலையும் எடுத்துக்கொண்டு என்னைக் கொலைகாரனாகவும் ஆக்கிவிட்டுப் போக அவனை விடமாட்டேன். அந்தக் கதவை நீதிபதிக்குக் காட்ட வேண்டும். நான் எதை நம்பி ஓடினேன் என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சி இல்லை. என் பழைய கணினி அம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது, அதில் விளையாட்டும் கெல்லரியும் அப்படியே இருக்கும். நாளைக்கே இறக்கி ஓடுகிறதா என்று பார்க்கிறேன்.

அன்சி


மார்ச் 5
கெமி

சில்யா,

ஓடியது. அருமையாக ஓடியது. வீட்டு இணையத்தில் தானாகவே ஒட்டிக்கொண்டு, விளையாட்டைத் திறந்ததும் தானாகவே யெப்பேயின் சர்வருக்குப் போயிற்று. எனக்கு ஒரே சந்தோஷம். திரையின் அடியில் ஒரு பட்டை நிரம்பியது. மேப்பைப் புதுப்பிக்கிறது என்று எழுதியிருந்தது. படித்தேன். படித்தும் புத்திக்கு எட்டவில்லை.

இடது கையால் தட்டுத் தடுமாறி உலர்த்தும் அறைக்குப் போனேன். சுவர். அழகாகப் பூசியிருக்கிறாய், மூட்டே தெரியவில்லை. நான் அதன் முன்னால் நிற்கும்போது எவனோ ஒருத்தன் வந்து பின்மண்டையில் சுட்டான். அடுத்த ரவுண்டிலும் அங்கேயே போய் நின்றேன். மறுபடியும் சுட்டான். எழுந்து கணினியின் மின்வயரைப் பிடுங்கினேன்.

மறுநாள் காலை உன் கடிதம் வந்தது. ‘இனி அந்தக் கதவு எந்த உலகத்திலும் இல்லை. போய்ப் பார்.’ பார்த்துவிட்டேன். என்னிடம் இருந்த கடைசிக் கதவையும் நீ மூடிவிட்டாய். கிம்மோவின் வக்கீலுக்குக்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்யத் தெரியாது.

கதவை முஷ்டியால் அடித்தேன் என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றி இப்போது எழுதும் நிலையில் நான் இல்லை.

அன்சி


மார்ச் 16

அன்சி,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் கைக்கு வந்தன. படித்துவிட்டுப் பொது அறைச் சுவரில் ஒரு காப்பிக் கோப்பையை எறிந்தேன். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். இங்கே எறிவதற்கு அனுமதியில்லையாம்.

யெப்பேயிடம் பழைய மேப் இல்லை. சர்வர் பழையதை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதிவிட்டது. வந்து விளையாடிய அத்தனை பேரின் கணினியிலும் அதே கதைதான். நான் ஏற்றச் சொன்ன அன்றே ஏற்றினான், அவ்வளவு நல்லவன். நான் எழுதியதைப் படித்ததும் அழாத குறையாக மன்றத்தில் எல்லாரையும் கேட்டான். ஒருவரிடமும் இல்லை.

ஆனால் அவனுக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு, ஞாபகம் இருக்கிறதா? போட்டி நடக்கும்போதெல்லாம் திரையை வீடியோவாகப் பிடித்து வைப்பான். கெல்லரியில் நாம் நடத்திய நடுக்கோடைத் திருநாள் போட்டியை முழுதாகப் பிடித்திருக்கிறான். அனுப்பினான். உட்கார்ந்து பார்த்தேன்.

அன்சி, அதில் கிம்மோ இருக்கிறான்.

எனக்கு மறந்தே போயிருந்தது. கல்யாணமான புதிதில் நான் யாரோடு பேசுகிறேன் என்று பார்ப்பதற்காக அவனும் கொஞ்ச நாள் விளையாடினான். ‘கரடி’ என்று பெயர். எதிரணியில் சேர்ந்து உன்னையே குறிவைத்துத் துரத்துவான். அந்தப் போட்டியிலும் துரத்துகிறான். நீ இடப்பக்கம் திரும்பி உலர்த்தும் அறைக்குள் போகிறாய், பின்கதவு வழியாகச் சைக்கிள் அறைக்கு வருகிறாய், சுற்றி வந்து பின்னாலிருந்து அவன் முதுகில் சுடுகிறாய். அடுத்த ரவுண்டிலும் அதே. அதற்கடுத்த ரவுண்டிலும் அதே. மடையன் ஒவ்வொரு தடவையும் அந்த அறைக்குள் வந்து துணிக்கு நடுவில் உன்னைத் தேடிக்கொண்டு நிற்கிறான். நீ எழுத்தில் அவனுக்கு ஒரு செய்தி அனுப்புகிறாய்: ‘தேடு, தேடு. நல்லா தேடு.’

போட்டி முடிந்த அன்றைக்கு அவன் என் காதோடு சேர்த்து அறைந்தது நினைவுக்கு வந்தது. காரணம் கேட்டதற்கு, சிரிக்கிறாயா என்றான். நான் சிரிக்கவே இல்லை.

இப்போது புரிகிறதா? நீ எங்கே ஓடுகிறாய், எதைத் தேடுகிறாய் என்று அவனுக்கு அன்றைக்கே தெரியும். அங்கே கதவு இல்லை என்பதும் தெரியும், அவன் குடியிருக்கும் கட்டடம். அதனால்தான் அவசரப்படாமல் வந்து நின்றிருக்கிறான். உன் வார்த்தையையே இத்தனை வருடம் வைத்திருந்து உனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

வீடியோவை அரசு வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டேன். கரடி என்பது கிம்மோதான் என்று நிரூபிக்க முடியுமா என்று கேட்கிறார். முடியாது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கணக்கெல்லாம் எப்போதோ அழிந்துபோயிற்று.

சில்யா


மே 14
கோட்கா, ரயில் நிலையம்

சில்யா,

உன்னை வேறு ஊரிலிருந்து திரையில் காட்டினார்கள். சொல்லி முடித்ததும் அணைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. வண்டிக்கு நேரம் இருக்கிறது, எழுதுகிறேன்.

கிம்மோ கோட்டு போட்டு வந்திருந்தான். கன்னத்தில் தழும்பு, அதை நீதிபதிக்குத் தெரிகிற பக்கமாகவே திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். மேசைக்கு அடியில் கையை ஒளித்துக்கொண்டேன். அப்புறம் வேண்டுமென்றே எடுத்து மேசைமேல் வைத்தேன், மூன்று விரலோடு.

வீடியோவைப் போட்டார்கள். பெரிய திரை. நீதிபதி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். உன் பச்சைச் சுவரும் கம்பிவலையும் திரையில் வர, போலீஸ் எடுத்த உண்மையான புகைப்படங்களைப் பக்கத்திலேயே வைத்தார்கள். அறையில் முணுமுணுப்பு. பிறகு என் பொம்மை ஓடி, கதவைத் திறந்து, சுற்றி வந்து, கரடியைச் சுட்டது. கிம்மோவின் வக்கீல் எழுந்தாள். இது சிறுபிள்ளை விளையாட்டு, கரடி உலகத்தில் யாராகவும் இருக்கலாம், தன் கட்சிக்காரருக்கு இப்படி ஒரு கதவு பற்றி எதுவுமே தெரியாது என்றாள்.

இதை நான் எதிர்பார்த்தேன். காலையிலேயே அரசு வழக்கறிஞரிடம் ஒன்று சொல்லி வைத்திருந்தேன். அவன் எந்தக் குற்றச்சாட்டையும் தாங்குவான், தோற்றவன் என்று சொன்னால் மட்டும் தாங்கமாட்டான். மூன்று ரவுண்டையும் தொடர்ந்து போடுங்கள் என்று. அரசு வழக்கறிஞர் அம்மா அதற்கு மேலேயே போனார். மூன்றாவது தடவை கரடி துணிக்கு நடுவில் நின்று விழித்தபோது, தன் உதவியாளரிடம் பேசுவது போல, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“இந்தக் கரடி கொஞ்சம் மந்தமான ஆள் போல. மூணு தடவை ஒரே எடத்துல ஏமாந்து நிக்கிறாரே.”

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அவ்வளவுதான். கிம்மோவின் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன்.

“மந்தமா? அன்னைக்கு நெட் லைன் இழுத்துச்சு, ஒரே லேக். அவன் எப்பவும் அந்தக் கதவுக்குத்தான் ஓடுவான்னு எனக்குத் தெரியாதா? லேக் மட்டும் இல்லன்னா கதவுகிட்டயே முடிச்சிருப்பேன்.”

வக்கீல் அவன் கையைப் பிடித்து இழுத்தாள், பிடித்தது பிந்திவிட்டது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“அப்ப டிசம்பர்லயும் அவர் அந்தக் கதவைத் தேடித்தான் ஓடினார்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்படித்தானே?”

அவன் மேசையைக் கவிழ்த்துக்கொண்டு என்னை நோக்கி வந்தான். இரண்டு காவலர்கள் அவனை என் காலுக்கு முன்னால் தரையில் அழுத்திப் பிடித்தார்கள். அவன் முகம் ஓடுகளில் அழுந்திக் கோணிக்கிடந்தது, தழும்பு மறுபடி பிளந்து ரத்தம் வந்தது. என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். அவன் ரத்தம் படாமல் காலை மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவனை அப்படியே இழுத்துக்கொண்டு போனார்கள். தீர்ப்பு மாதக் கடைசியில் தபாலில் வருமாம். வெளியில் விடமாட்டோம் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று. நீ திரையில் சாட்சி சொல்லும்போது, முற்றத்துக் கதவை அடித்ததைச் சொன்னாய். கடைக்காரி போலீஸிடம் சொன்னதையும் படித்தார்கள், உன் இரண்டு கையும் ரத்தமாக இருந்தது என்று. அந்த அறையில் நான் கீழே கிடந்தபோது தகரத்தில் அடிக்கும் சத்தம் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை நாளும் அது அவன் என் தலையை மோதும் சத்தம் என்றே நினைத்திருந்தேன்.

வண்டி வந்துவிட்டது.

அன்சி


ஜூன் 11
(இனி ஊர் எழுதலாம், ஆனால் பழகிவிட்டது)

அன்சி,

தீர்ப்பு வந்தது. உனக்கும் வந்திருக்கும். அவன் வெளியே வரும்போது நான் எங்கே இருப்பேன் என்று யோசிப்பதை இந்த வாரத்துக்கு மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கைபேசி கையில் இருக்கிறது. உன்னைக் கூப்பிடலாம். ஆனால் குரலில் சொல்ல வராது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

புதுக் கெல்லரியைப் பற்றி யெப்பேயின் ஆட்களுக்கு ஒரே புகார். உலர்த்தும் அறை கல்லறையாகிவிட்டது, உள்ளே போனவன் உயிரோடு வருவதில்லை, எந்த முட்டாள் இதைச் சுவர் வைத்து மூடினான் என்கிறார்கள். போன வாரம் அந்தக் கதவைத் திரும்ப வைத்தேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அதே இடம், அதே கைப்பிடி. அந்தக் கட்டடம் எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். நான் கட்டுகிற இடத்தில் எந்த அறைக்கும் இரண்டு வழி.

சனிக்கிழமை நீ விளையாட வந்திருந்தாய். பெயரை மாற்றியிருந்தாலும், சுவரில் இடித்து இடித்து இடது கையால் நடக்கிற ஆள் வேறு யார்? நேராக உலர்த்தும் அறைக்குப் போனாய். கதவு முன்னால் நின்றுவிட்டாய். திறக்கவில்லை. எதிரணி முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. அசையாமல் நிற்கிறவனைக் கண்டால் விடுவார்களா?

அந்த ரவுண்டில் உன் முதுகுக்குப் பின்னால் வாசலை மறித்து நின்று யார் சுட்டது என்று யெப்பேயிடம் கேட்டாயாமே. குண்டு தீர்ந்த பிறகு கத்தியை எடுத்துக்கொண்டவள், காலில் அடி வாங்கியும் வாசலை விட்டு நகராதவள். கொடியில் தொங்கிய துணியெல்லாம் சிவந்துபோயிற்று. நீ கையை நீட்டி அந்தக் கைப்பிடியைத் திருப்புகிறவரை ஒருத்தனையும் உள்ளே விடவில்லை.

நான்தான்.

சில்யா